மூன்று கடத்தல்கள்: கார்சியா மார்க்கேசின் ஒரு நூலும் கையளிப்பு உடன்படிக்கையும்

தமிழில் 'கடத்தல்' என்னும் சொல் மூன்று வேறுபட்ட செயல்களைக் குறித்து நிற்கின்றது. சட்டம் தடைசெய்த பண்டத்தை எல்லை தாண்டிக் கொண்டுசெல்வது கடத்தல். மனிதரொருவரை வலிந்து தூக்கிச் சென்று அடைத்துவைப்பதும் கடத்தல். குற்றஞ்சாட்டப்பட்ட ஒருவரை ஓர் அரசு இன்னோர் அரசின் நீதிமன்றத்துக்குக் கையளிப்பதையும் நமது பத்திரிகைகள் 'நாடு கடத்தல்' என்றே எழுதிவருகின்றன. முதலிரண்டையும் குற்றமென்றும் மூன்றாவதை நீதியின் நடைமுறையென்றும் சட்டநூலார் பிரிப்பர். சொல் அவ்வாறு பிரிப்பதில்லை. ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் வெவ்வேறு சொற்களாற் குறிக்கப்படும் இம்மூன்று செயல்களும் கொலம்பியாவில் 1979ஆம் ஆண்டுக்கும் 1997ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிறந்தன. அதனை எழுத்திற் பதிவுசெய்த நூல்களுள் முதன்மையானது கபிரியேல் கார்சியா மார்க்கேஸ் 1996இல் வெளியிட்ட 'ஓர் ஆட்கடத்தலின் செய்தி' ஆகும். இந்நூல் இரண்டாவது கடத்தலைப் பற்றியது. அதற்குக் காரணமாய் அமைந்தது மூன்றாவது. முதலாவது பற்றி நூல் ஏறத்தாழ மௌனம் சாதிக்கின்றது. அந்த மௌனத்தின் தன்மையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நூலை ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியாகவே படித்தேன். எனவே அதன் மொழிநடை பற்றித் தீர்ப்புக் கூறும் தகுதி எனக்கில்லை. கட்டமைப்பு, தெரிவு, பார்வைக்கோணம் ஆகியவை மொழிபெயர்ப்பிலும் தங்கியிருப்பவை; அவை பற்றியே பேச முற்படுகின்றேன்.

போதைப்பொருட் கட்டுப்பாடு அரசுகளின் அறவுணர்விலிருந்து தோன்றியது எனக் கொள்வோர் அதன் முன்வரலாற்றை மறந்துவிடுகின்றனர். 1858ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரப் பத்திரிகையொன்றுக்கு எழுதிய கட்டுரைகளில் மார்க்ஸ், வங்காளத்து அபினி உற்பத்தியைத் தனது ஏகபோகமாக வைத்துக்கொண்டே சீனாவில் நிகழ்ந்த கள்ளக்கடத்தலுடன் தனக்குத் தொடர்பில்லையென்று காட்டிக்கொண்ட பிரித்தானிய இந்திய அரசின் இரட்டை வேடத்தை அம்பலப்படுத்தினார். அரை நூற்றாண்டின் பின் 1909இல் ஷங்ஹாய் நகரில் பதின்மூன்று நாடுகள் கூடின. 1912இல் ஹேக் சமவாயம் உருவாயிற்று. 1961இல் தனிச் சமவாயம் முந்திய உடன்படிக்கைகளை ஒன்றுதிரட்டியது. இவ்வாவணங்களை இலக்கிய மாணவர் எவரும் பிரதிகளாக எடுத்துப் படிப்பதில்லை. படித்தல் வேண்டும். அந்தீஸ் மலைவாழ் மக்கள் நூற்றாண்டுகளாக மென்றுவந்த கொக்கா இலையின் பயன்பாடு இருபத்தைந்து ஆண்டுகளுள் ஒழிக்கப்படவேண்டுமென 1961ஆம் ஆண்டுச் சமவாயம் ஓரிடத்தில் விதிக்கின்றது. அதே சமவாயம் இன்னோரிடத்தில், போதைச்சத்து நீக்கப்பட்ட சுவையூட்டி தயாரிப்பதற்கு அதே இலையைப் பயன்படுத்தலாமென அனுமதி வழங்குகின்றது. மென்றவர்கள் மலைவாழ் விவசாயிகள்; சுவையூட்டி வேண்டியவர்கள் வட அமெரிக்கக் குளிர்பான உற்பத்தியாளர். இரு பிரிவுகளுக்கிடையிலும் சமவாயத்தின் குரலில் எவ்வித மாற்றமும் நிகழ்வதில்லை. ஒரே நிதானத்துடன், ஒரே சட்டத் தமிழிற்போல உலர்ந்த ஒரு நடையிலே, ஒன்று விலக்கப்படுகின்றது, மற்றது அனுமதிக்கப்படுகின்றது. கருத்துநிலை தொழிற்படும் விதத்துக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டைப் புனைகதையிலே தேடவேண்டியதில்லை.

1988 டிசம்பர் 20ஆந் திகதி நிறைவேற்றப்பட்ட வியன்னாச் சமவாயம் இவ்வரிசையில் ஒரு திருப்பம். அதற்கு முந்தியவை பெரும்பாலும் பண்டத்தைப் பற்றியவை: எவ்வளவு உற்பத்தி, யாருக்கு அனுமதி, எத்தகைய பதிவேடு என்பனவே அவற்றின் கவலை. வியன்னாச் சமவாயம் மனிதரைப் பற்றியது. குற்றவாளிகளைக் கையளித்தல், சொத்துப் பறிமுதல், அரசுகளுக்கிடையே பரஸ்பர சட்ட உதவி, கடத்தற் பொருளைப் பின்தொடர்வதற்காக அதனை வேண்டுமென்றே செல்லவிடுதல் ஆகியவை அதன் உள்ளடக்கம். வங்கி இரகசியத்தைக் காரணங்காட்டி உதவியை மறுத்தலாகாது என்றும் அது கூறியது. காகிதத்தில் நோக்குமிடத்து இது சமத்துவமான ஆவணம். எந்த அரசும் எந்த அரசிடமும் குற்றவாளியைக் கோரலாம். ஆயின் நடைமுறையில் மனிதர்கள் ஒரு திசையிலேயே பயணஞ் செய்தனர். ஏன் அவ்வாறு நிகழ்ந்தது என்பதற்குக் கொலம்பியாவே விளக்கம்.

கொலம்பியாவுக்கும் ஐக்கிய அமெரிக்காவுக்கும் இடையிலான கையளிப்பு உடன்படிக்கை, ஹூலியோ சேசர் துர்பாய் சனாதிபதியாக இருந்த 1979ஆம் ஆண்டிற் கைச்சாத்தாகி 1982இல் நடைமுறைக்கு வந்தது. அடுத்துச் சனாதிபதியான பெத்தங்கூர், தமது நாட்டவரை அந்நியரிடம் கையளிப்பதைத் தொடக்கத்தில் விரும்பவில்லை. 1984 ஏப்ரில் 30இல் நீதியமைச்சர் றொட்ரிகோ லாரா பொனியா சுட்டுக் கொல்லப்பட்டமை அந்நிலைப்பாட்டை மாற்றிற்று. 1985 நவம்பரில் நீதிமன்ற மாளிகை கெரில்லாக்களாற் கைப்பற்றப்பட்டு, இராணுவம் தாங்கிகளுடன் உட்புகுந்தபோது உயர் நீதிமன்றத்தின் பதினொரு நீதியரசர்கள் மாண்டனர். உடன்படிக்கையின் அரசியலமைப்புத் தகுதி அப்பொழுது அந்நீதிமன்றத்தின் முன்னே இருந்தது. 1986 டிசம்பரில் எஞ்சியோரும் புதியோருமாகக் கூடிய அதே நீதிமன்றம் உடன்படிக்கைக்கு அங்கீகாரம் வழங்கிய சட்டத்தைச் செல்லாததாக்கியது. அச்சட்டத்தில் ஒப்பமிட்டவர் சனாதிபதியல்லர், அவருக்குப் பதிலாகக் கடமையாற்றிய அமைச்சர் என்பதே காட்டப்பட்ட காரணம். அதே மாதத்தில் 'எல் எஸ்பெக்ததோர்' நாளிதழின் ஆசிரியர் கியேர்மோ கானோ கொல்லப்பட்டார். 1989 ஓகஸ்ட் 18இல் சனாதிபதி வேட்பாளர் லூயிஸ் கார்லோஸ் கலான் கொல்லப்பட்டதும், அவசரகால ஆணைகளின் மூலம் கையளிப்பு மீண்டும் தொடங்கியது. அமெரிக்கச் சிறையிலும் பார்க்கக் கொலம்பியப் புதைகுழியே மேல் என்பதைச் சுலோகமாகக் கொண்டு, தம்மை 'நாடு கடத்தப்படத்தக்கோர்' என அழைத்துக்கொண்ட பப்லோ எஸ்கோபாரின் குழுவினர் அரசுடன் போர் தொடுத்தனர்.

1990 ஓகஸ்டில் சேசர் கவிரியா சனாதிபதியானார். அம்மாத இறுதியிலேயே கடத்தல்கள் ஆரம்பமாகின்றன. கெரில்லாத் தலைவர் ஒருவரைச் செவ்வி காணலாமென்ற பொய்யழைப்பை நம்பிப் புறப்பட்ட தொலைக்காட்சிச் செய்தியாளர் டயானா துர்பாயும் அவருடன் சென்றோரும் முதலிற் சிக்கினர். பின்னர் 'எல் தியெம்போ' பத்திரிகையின் பிரான்சிஸ்கோ சாந்தோஸ், முன்னைய சனாதிபதியின் செயலாளரது சகோதரியான மரீனா மொந்தோயா, இறுதியாக நவம்பர் 7இல் மருஹா பச்சோனும் அவரது கணவரின் சகோதரி பெயத்ரிசும். எல்லாமாகப் பத்துப் பேர். மருஹா கடத்தப்பட்ட நான்காம் நாள், 1990 நவம்பர் 11இல், வியன்னாச் சமவாயம் உலகளாவிய ரீதியில் நடைமுறைக்கு வந்தது. பொகோட்டாவின் வீடொன்றில் ஒரே மெத்தையைப் பகிர்ந்துகொண்டு, உரத்துப் பேசவும் அனுமதியின்றி, மலசலகூடம் செல்வதற்கும் காவலரின் இசைவை வேண்டி நின்ற மூன்று பெண்களுக்கு அச்செய்தி தெரிந்திருக்க நியாயமில்லை.

மார்க்கேசின் நூல் இவ்வறையிலிருந்துதான் எழுகின்றது. மருஹாவும் அவர் கணவர் அல்பேர்ட்டோ வியமிசாரும் 1993இல் தங்கள் அனுபவத்தை எழுதுமாறு அவரைக் கேட்டனர். எழுதத் தொடங்கிய பின்னரே ஏனைய கடத்தல்களிலிருந்து இதனைப் பிரித்தெடுக்க இயலாதென்பதை அவர் உணர்ந்தார். முன்னுரையில் அவரே இதனைக் கூறுகின்றார். ஒரு தனிச் சம்பவம் தன்னுள் அடங்காது முழுமையை நோக்கித் தள்ளுகின்றது என்ற இவ்வுணர்வு யதார்த்தவாத எழுத்தாளன் ஒருவனுடைய உணர்வு. எதுவரையில் அவர் அதனைப் பின்தொடர்ந்தார் என்பதே நாம் கேட்கவேண்டிய வினா.

நூலின் சிறப்பு முதலிற் சொல்லப்படல் வேண்டும். நமது வாசகர் பலர் மார்க்கேசை மாய யதார்த்தத்துடன் மட்டும் இணைத்துப் பழகிவிட்டனர். அவர்களுக்கு இந்நூல் வறண்டதாகத் தோன்றலாம். மாயம் எதுவுமில்லை. திகதி, மணி, தெரு, வானொலிச் செய்தி, கவிரியா அடுத்தடுத்துப் பிறப்பித்த ஆணைகள் என்பவற்றாலேயே நூல் நகர்கின்றது. சரணடைந்து ஒரு குற்றத்தையேனும் ஒப்புக்கொள்வோர் நாட்டிலேயே விசாரிக்கப்படுவர், கையளிக்கப்படார் என்பதே அவ்வாணைகளின் சாரம். 1990 செப்டெம்பரில் வெளிவந்த முதலாவது ஆணையின் வாசகங்களை எஸ்கோபாரின் சட்டத்தரணிகள் சொல் சொல்லாய்ப் பரிசீலிக்கின்றனர், திருத்தங் கோருகின்றனர், டிசம்பரிலும் 1991 சனவரியிலும் ஆணை மாற்றி எழுதப்படுகின்றது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் இடையில் ஓர் உயிர் ஊசலாடுகின்றது. சட்ட வாசகமொன்றைத் திகிற் கதையின் உந்துவிசையாக மாற்றிய இன்னொரு நூலை யான் அறியேன். கிரேக்க அவலநாடகத்தில் விதி வகித்த இடத்தினை இங்கே உடன்படிக்கை வகிக்கின்றது: மேடைக்கு வருவதில்லை, எவரும் அதனுடன் உரையாடுவதுமில்லை, ஆயினும் நிகழ்வன யாவும் அதன் பொருட்டே நிகழ்கின்றன.

விதியின் கொடுமை துர்பாய் குடும்பத்திலே வெளிப்படுகின்றது. எந்தச் சனாதிபதியின் ஆட்சியில் உடன்படிக்கை கைச்சாத்தானதோ அவரது மகள் அவ்வுடன்படிக்கைக்கு எதிரான போரிற் பணயப்பொருளானார். 1991 சனவரி 25இல், மெடலின் நகரையடுத்த பகுதியில் பொலிசார் நடத்திய தேடுதலின்போது டயானா குண்டடிபட்டு இறந்தார். குடும்பத்தின் சம்மதமின்றி மீட்பு நடவடிக்கை எதுவும் மேற்கொள்ளவேண்டாமென ஏற்கெனவே மன்றாடிய தாய் நிதியா கிந்தேரோ சனாதிபதியின் மீது கொண்ட சினம் நூலின் மிகச் சிறந்த பக்கங்களை ஆக்கியுள்ளது. மார்க்கேஸ் இவ்விடத்தில் அரசின் பக்கமும் சாயவில்லை. தாயின் கூற்றை மென்மைப்படுத்தவும் இல்லை.

காவலர் பற்றிய பகுதிகளும் அத்தகையனவே. முகமூடியணிந்த இவ்விளைஞர்கள் கைதிகளுடன் அதே சிறிய அறையிலே அடைபட்டிருந்தனர். கைதிகள் வேண்டிக்கொண்ட அதே குழந்தை இயேசுவையும் கன்னி மரியாளையுமே வேண்டிக்கொண்டனர். தாம் இளமையிலேயே இறந்துபோவோம் என்பதை ஐயமின்றி நம்பினர். நல்ல உடைக்காகவும் மோட்டார்ச் சைக்கிளுக்காகவும் தாயாரின் மகிழ்ச்சிக்காகவும் இத்தொழிலுக்கு வந்ததாகக் கூறினர். மெடலின் மலைச்சரிவுக் குடியிருப்புகளிற் பொலிசார் நடத்திய கொலைகளைப் பற்றி அவர்கள் மனத்தில் ஊறியிருந்த வெறுப்பையும் நூல் மறைக்கவில்லை. கொலம்பிய முதலாளித்துவம் வேலை கொடுக்கவியலாத, ஆனால் கொல்லப்படுவதற்கும் கொல்வதற்கும் பயன்படுத்தக்கூடிய உதிரிப் பாட்டாளித் தலைமுறையொன்று அவ்வறைக்குள் நிற்கின்றது. மார்க்கேசின் கண் அதனைக் கண்டுகொள்ளத் தவறவில்லை. ஆனால் முகமூடி கழற்றப்படுவதேயில்லை. கடத்தப்பட்ட பத்துப் பேருக்கும் குடும்பமும் கடந்தகாலமும் உண்டு. காவலருக்குப் புனைபெயரும் பழக்கவழக்கமும் மட்டுமே உண்டு. நூலாசிரியர் அவர்களைச் சந்தித்திருக்க வாய்ப்பில்லையென்பது உண்மையே. அவர்களுட் பலர் நூல் எழுதப்பட்ட காலத்தில் உயிரோடிருந்திருக்க வாய்ப்பில்லையென்பதும் உண்மையே. எனினும் சாட்சியளிக்கக்கூடியோரின் வர்க்கத்தால் ஒரு நூலின் எல்லை தீர்மானிக்கப்படும்போது, அவ்வெல்லையை நூலே சுட்டிக்காட்டியிருத்தல் கூடும். இந்நூல் அதனைச் செய்யவில்லை. முன்னாட் சனாதிபதியின் மகள், கொலையுண்ட வேட்பாளரின் மனைவியுடன் பிறந்தவர், நாட்டின் முதன்மை நாளிதழின் உரிமையாளர் குடும்பத்தவர்: எஸ்கோபார் இவர்களைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் இவர்கள் ஆளும் வர்க்கத்தினர் என்பதே. எஸ்கோபாருக்குத் தெளிவாகத் தெரிந்த இவ்வுண்மையை நூல் ஒரு தற்செயலைப்போற் கடந்துசெல்கின்றது.

மார்க்கேஸ் இளமையில் எழுதிய இன்னொரு செய்தித்தொடரை இவ்விடத்தில் நினைவுகூர்தல் பொருந்தும். 1955இல் 'எல் எஸ்பெக்ததோர்' பத்திரிகையில், கொலம்பியக் கடற்படையின் கால்தாஸ் என்னும் போர்க்கப்பலிலிருந்து கடலில் வீழ்ந்து பத்து நாட்கள் மிதந்து உயிர்தப்பிய மாலுமியொருவரின் கதையை அவர் தொடராக எழுதினார். கப்பல் புயலில் அகப்பட்டதென அரசு கூறியிருந்தது. மாலுமி கூறியது வேறு: அமெரிக்கத் துறைமுகமான மொபைலிலிருந்து ஏற்றிவரப்பட்ட குளிர்சாதனப் பெட்டிகள், தொலைக்காட்சிப் பெட்டிகள், சலவை இயந்திரங்கள் முதலியன மேற்றளத்திற் கட்டப்பட்டிருந்தன, அலையில் அச்சரக்குச் சரிந்தபோது எட்டு மாலுமிகள் கடலில் வீழ்ந்தனர். போர்க்கப்பலே கள்ளச்சரக்குக் கப்பலாக இருந்தது. சர்வாதிகார ஆட்சி சினங்கொண்டதில் வியப்பில்லை.

அச்சிறு நூலின் வலிமை எங்கிருந்து வருகின்றது? தனிமனிதன் ஒருவனின் வீரச் சாகசமாகத் தொடங்கியது, மேற்றளத்திற் கிடந்த பண்டத்தை ஒருமுறை சுட்டிக்காட்டியதும் ஓர் அரசின் வரலாறாகிவிடுகின்றது. பண்டம் கண்ணுக்குத் தெரிகின்றது. அது எங்கிருந்து வந்தது, யார் வாங்கவிருந்தனர், யாருடைய அனுமதியுடன் ஏற்றப்பட்டது என்ற வினாக்கள் தாமாகவே எழுகின்றன. நாற்பத்தோராண்டுகளின் பின் எழுதப்பட்ட நூலில் அக்கப்பற் சரக்குக்கு ஒப்பானது எது? கொக்கெயின். அந்நூலில் ஒரு கிராம் கொக்கெயினேனும் இடம் மாறுவதை வாசகன் காண்பதில்லை. அதனை விளைவித்தவனும் இல்லை. ஆய்வுகூடத்தில் இலையை மிதித்தவனும் இல்லை. மயாமியில் வாங்கியவனும் இல்லை. போருக்குக் காரணமான பண்டம் போரின் வரலாற்றிலிருந்து அகன்றுவிட, குற்றவாளியும் அரசும் பணயக் கைதியும் மட்டுமே எஞ்சுகின்றனர். லூக்காச் 1936இல் 'கதைகூறலா, விவரித்தலா' எனக் கேட்டபோது, நிகழ்ச்சிகளைச் சமூக உறவுகளின் இயக்கமாகக் காட்டுவதற்கும் வெளியே நின்று பதிவுசெய்வதற்கும் உள்ள வேறுபாட்டையே மனங்கொண்டிருந்தார். மார்க்கேஸ் அற்புதமாகக் கதை கூறுகின்றார்; ஆயினும் அவர் கூறுவது பேரத்தின் கதை. பேரம் எதன் மீது நிகழ்கின்றதோ அது விவரிக்கப்படக்கூட இல்லை.

இங்கே நமது முற்போக்கு வட்டாரத்தினருக்கும் ஒன்று சொல்லவேண்டியுள்ளது. அந்நிய நீதிமன்றத்துக்குத் தன் குடிமக்களைக் கையளிக்கும் உடன்படிக்கை நாட்டின் இறைமையை மீறுவது என்ற வாதம் ஏகாதிபத்திய எதிர்ப்பாளரின் வாதமாகவே ஒலிக்கின்றது. 'நாடு கடத்தப்படத்தக்கோர்' வெளியிட்ட அறிக்கைகள் இம்மொழியையே பேசின. எஸ்கோபார் மெடலின் நகரின் குப்பைமேட்டில் வாழ்ந்த ஏழைகளுக்கு வீடுகள் கட்டிக்கொடுத்தான், 1982இல் காங்கிரசுக்கு மாற்று உறுப்பினனாகத் தெரிவானான், விளையாட்டரங்குகளுக்கு மின்விளக்கேற்றினான். நல்ல கள்வன் என்ற நாட்டார் வடிவத்தை அவன்மீது பொருத்திப் பார்க்கும் கட்டுரைகளை நமது சஞ்சிகைகளிலும் கண்டிருக்கின்றேன். இது கவலைக்குரிய தடுமாற்றம். எஸ்கோபாரின் மூலதனம் வட அமெரிக்கச் சந்தைக்காகத் திரண்ட மூலதனம். அச்சந்தையுடன் அவனுக்கு முரண்பாடு எதுவுமில்லை, அதன் சிறையுடன் மட்டுமே முரண்பாடு. கொலம்பியத் தொழிற்சங்கவாதிகளையும் இடதுசாரித் தலைவர்களையும் கொன்றொழித்த கூலிப்படைகளை வளர்த்ததிற் கொக்கெயின் மூலதனத்தின் பங்கு நன்கறியப்பட்டது. இறைமை என்ற சொல்லை யார் உச்சரிக்கின்றார் என்பதைக் கேளாது அச்சொல்லின் பின்னே செல்வோர் எஸ்கோபாரின் பின்னேயும் செல்லவேண்டி நேரும். சோசலிச அரசும் இதற்குப் புறம்பானதன்று: கியூபாவின் தளபதி ஒச்சோவாவும் வேறு மூவரும் 1989 யூலையிற் சுட்டுக்கொல்லப்பட்டது மெடலின் குழுவினருடன் தொடர்புபட்ட கடத்தற் குற்றச்சாட்டின் பேரிலேயே. அதனைப் பற்றி எழுத நம்மவர் எவரும் முன்வரவில்லை.

ஆயின் எஸ்கோபார் பொய்யன் என்பதனால் உடன்படிக்கை நீதியானதாகிவிடாது. மார்க்கேசின் நூல் நம்மை இட்டுச்செல்லாத இடம் இதுவே. அங்கே செல்வதற்கு ஹுவான் கபிரியேல் வாஸ்கேசின் 'பொருள்கள் வீழும் ஓசை' என்னும் நாவல் உதவுகின்றது. 2011இல் வெளிவந்த இந்நாவலின் ஆசிரியர் 1973இற் பொகோட்டாவிற் பிறந்தவர். குண்டுகளின் காலத்தைப் பள்ளி மாணவனாகவும் பல்கலைக்கழக மாணவனாகவும் அனுபவித்தவர். எஸ்கோபாரின் தனியார் மிருகக்காட்சிச் சாலையிலிருந்து தப்பியோடிய நீர்யானையொன்று 2009இற் சுட்டுக்கொல்லப்பட்ட செய்தியுடன் நாவல் தொடங்குகின்றது. அவ்விடத்திலிருந்து அது பின்னோக்கிச் செல்வது 1990க்கு அன்று. அறுபதுகளின் இறுதிக்கும் எழுபதுகளுக்கும். அமெரிக்க அமைதிப் படையின் தொண்டராக வந்த எலேன் என்னும் இளம்பெண், றிக்கார்தோ லவெர்தே என்னும் விமானியை மணக்கின்றாள். அமைதிப் படையினர் கிராமத்தவருக்குப் பள்ளியும் கழிவறையும் கட்டும் முறைகளைக் கற்பிக்கின்றனர். அவர்களுட் சிலர் கஞ்சாவை எவ்வாறு சிறப்பாக விளைவிப்பது, எவ்வாறு வடக்கே அனுப்புவது என்பதனையும் கற்பிக்கின்றனர். றிக்கார்தோ முதலிற் கஞ்சாவையும் பின்னர் கொக்கெயினையும் பறந்து கொண்டுசெல்கின்றான். அமெரிக்க மண்ணிற் பிடிபட்டு ஏறத்தாழ இருபதாண்டுகள் சிறையிருக்கின்றான்.

இந்நாவலிற் பண்டம் தெரிகின்றது. அது பறக்கின்றது, எடை உள்ளது, விலை உள்ளது; அதனை விரும்புவோர் வடக்கே இருக்கின்றனர், அதனைக் கற்பித்தோரும் அங்கிருந்தே வந்தனர். சர்வதேச ஒத்துழைப்பு என்ற தொடருக்கு நாவல் வழங்கும் முரணணிப் பொருள் இதுவே: அபிவிருத்திக்கான ஒத்துழைப்பும் கடத்தலுக்கான ஒத்துழைப்பும் ஒரே விருந்தில், ஒரே கைகளால் நிகழ்கின்றன. நிக்சன் 1971இல் போதைப்பொருளைத் தமது நாட்டின் முதற் பகையென அறிவித்ததும் 1973இல் அதற்கெனத் தனி முகவரகம் நிறுவப்பட்டதும் இக்கதையின் பின்னணியில், வானிலை மாற்றம்போல, நிகழ்ந்து செல்கின்றன.

வாஸ்கேஸ் மார்க்கேசிலும் பார்க்கச் சிறந்த எழுத்தாளர் என்பது என் கருத்தன்று. அவரது நாவலின் பிற்பகுதியில் நினைவும் துயரமும் மத்தியதர வர்க்கத்தின் உளக்காயமாகச் சுருங்கிப்போகின்றன. விவசாயி அங்கும் இல்லை. எலேனும் பின்னர் 1995 டிசம்பரில் மலையில் மோதிய விமானத்தோடு அழிந்துபோக, கறுப்புப் பெட்டியின் ஒலிப்பதிவை மீண்டும் மீண்டும் கேட்பதே கதைசொல்லிக்கு எஞ்சுகின்றது. ஆயினும் மார்க்கேஸ் குற்றத்தின் தாயகமாகக் கொலம்பியாவை மட்டும் காட்டிய இடத்தில், வாஸ்கேஸ் ஒரு வணிகப் பாதையின் இரு முனைகளையும் காட்டினார்.

பின்வந்த வரலாறு இவ்வேறுபாட்டின் முக்கியத்துவத்தை உறுதிசெய்தது. 1991 யூன் 19இல் கொலம்பிய அரசியல் நிர்ணய சபை தன் நாட்டவரைக் கையளிப்பதைப் புதிய அரசியலமைப்பிலே தடைசெய்தது. அன்றே எஸ்கோபார் சரணடைந்தான். ஓராண்டின் பின் தப்பிச் சென்று 1993 டிசம்பர் 2இல் மெடலினிற் கொல்லப்பட்டான். 1994இல் கொலம்பியா வியன்னாச் சமவாயத்தை, கையளிப்புத் தொடர்பான ஒதுக்கீட்டுடன், ஏற்றுக்கொண்டது. 1997 டிசம்பரில் அரசியலமைப்பு திருத்தப்பட்டுக் கையளிப்பு மீண்டது, ஒதுக்கீடும் நீங்கியது. அதன்பின் 2008 மே 13இல் நிகழ்ந்ததே இவ்வுடன்படிக்கையின் உண்மைத் தன்மையை வெளிக்கொணர்ந்தது எனலாம். கிராமங்களிற் படுகொலைகள் நடத்திய துணைப்படைகளின் தலைவர்கள் பதினால்வர் அன்று ஐக்கிய அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் அப்பொழுது கொலம்பிய விசாரணையாளர் முன் தமது கொலைகளைப் பற்றி வாக்குமூலம் அளித்துக்கொண்டிருந்தனர். தம் உறவினர் எங்கே புதைக்கப்பட்டனர் என அறியக் காத்திருந்தோர் அவ்விசாரணைகளில் அமர்ந்திருந்தனர். கையளிக்கப்பட்டது போதைப்பொருட் குற்றத்துக்காக. இரு குற்றங்களுள் எது கனமானது என்பதை உடன்படிக்கை தீர்மானித்தது: வடக்கே போன கொக்கெயின், இங்கே புதையுண்ட விவசாயியிலும் கனமானது.

மனிதரைக் கையளிப்பதில் இத்தகைய விரைவைக் காட்டிய ஒழுங்கு, பணத்தின் முன் வேறு முகத்துடன் நின்றது. மெக்சிக்கோவினதும் கொலம்பியாவினதும் கடத்தற் குழுக்களுக்குச் சொந்தமான குறைந்தது 881 மில்லியன் டொலர் எச்.எஸ்.பி.சி. வங்கியினூடாகச் சென்றமை தொடர்பில், 2012 டிசம்பரில் அவ்வங்கி ஏறத்தாழ 1.9 பில்லியன் டொலர் செலுத்தி அமெரிக்க அதிகாரிகளுடன் இணக்கங் கண்டது. வங்கி அலுவலர் எவரும் சிறை செல்லவில்லை. நமது மொழியில் 'பணக் கடத்தல்' என்ற வழக்கும் உண்டு என்பதை இவ்விடத்திற் சேர்த்துக்கொள்ளலாம். அந்நான்காவது கடத்தலுக்கு உடன்படிக்கையிற் பிரிவு இருந்தது, மெத்தையும் முகமூடியும் இருக்கவில்லை. மறுமுனையில், கொக்கா பயிரிட்ட விவசாயிகளின் நிலங்கள்மீது கிளைபோசேற் என்னும் களைகொல்லியை விமானங்கள் 2015 வரை தெளித்தன. எல்லைக்கப்பால் விழுந்த நஞ்சுக்காக எக்குவடோர் 2008இற் சர்வதேச நீதிமன்றத்தை நாடியது. 2013இல் இரு அரசுகளும் தமக்குள் இணங்கி வழக்கை முடித்துக்கொண்டன. அரசுக்கு வழக்காட ஒரு நீதிமன்றம் இருந்தது. மரவள்ளியும் வாழையும் கருகிப்போனவன் எங்கே போவது?

இவை யாவும் மார்க்கேஸ் தம் நூலை முடித்த பின் நிகழ்ந்தவை. இவற்றுக்காக அவரைக் குற்றங்கூறுதல் நேர்மையன்று. ஆனால் நூல் தனக்குத் தெரிந்தவற்றை எவ்வாறு நிறைவுசெய்கின்றது என்பது அவரது பொறுப்பே. கடத்தப்பட்ட அன்று மருஹாவிடமிருந்து பறிக்கப்பட்ட மோதிரம் இறுதிப் பக்கங்களில், கல்லொன்று குறைவாக, அவரிடம் திரும்பி வருகின்றது. வாசகனுக்கு அது நிறைவளிக்கும் முடிவு, தேர்ந்த கைவண்ணம். மரீனா மொந்தோயாவின் உடல் பொகோட்டாவின் வெறுங் காணியொன்றிற் கிடந்து, பெயர் தெரியாதோருக்கான பொதுக் குழியிற் புதைக்கப்பட்டுப் பின்னர் தோண்டியெடுக்கப்பட்டதை நாம் ஏற்கெனவே படித்திருக்கின்றோம். அதற்கும் முன்னர், முதல் அத்தியாயத்தில், மருஹாவினதும் பெயத்ரிசினதும் வாகனத்தை ஓட்டிவந்த சாரதி நடுத்தெருவிற் சுடப்பட்டு இறக்கின்றார். அவரைக் கொன்றோருக்கு அவரிடம் பேரம் பேச எதுவுமிருக்கவில்லை. மோதிரம் திரும்பிவரும் அத்தியாயத்தைப் படித்துமுடித்த பின், அச்சாரதியின் பெயர் என்னவென்று பார்ப்பதற்கு முதல் அத்தியாயத்துக்கு நான் மீண்டும் செல்லவேண்டியிருந்தது.